அடிக்கு அளவு கண்ட சட்டம்

'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று நம்மவரிடையே ஒரு பழமொழி நெடுங்காலமாய் வழங்கி வருகின்றது. புருஷனிடம் அடிபட்டுப் பிறந்தகம் வந்த பெண்ணை மறுபடியும் வண்டியேற்றி அனுப்புகையில் இதனைச் சொல்லாத கிழவியர் அரியர். அடித்த கை மறுநாள் அணைக்கின்றது என்பதை நாமும் மறுக்கவில்லை. அவ்வணைப்பை நற்சாட்சிப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அடியைக் கணக்கிலிருந்தே தள்ளிவிடுகிறார்களே, அதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இவ்விதக் கணக்கு நம்மவருக்கு மட்டும் உரியதென்று எவரும் எண்ணிவிட வேண்டாம். உலகத்துக்கே நாகரிகம் போதிக்கப் புறப்பட்ட ஆங்கிலேயரின் சட்டம், ஒரு மனைவி எவ்வளவு துன்பப்பட்டால் அது 'கொடுமை' என்ற பெயருக்குத் தகுதி பெறும் என்று நூறாண்டுக்கு மேலாக அளவுகோல் பிடித்து அளந்துகொண்டிருந்தது. அந்தச் சட்டத்தின் பெரும் பகுதி பின்னர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறி வந்தது. ஆதலின் அவ்வளவுகோலின் சரித்திரத்தை நம்மவர் அறிவது வீண் வேலையாகாது.

1765-ம் வருடத்தில் சட்ட வியாக்கியானம் எழுதத் தொடங்கிய பிளாக்ஸ்டன் என்னும் பண்டிதர், மனைவியை 'மிதமாகத் திருத்தும்' உரிமை பழைய சட்டத்தில் புருஷனுக்கு இருந்ததென்றும், தம் காலத்தில் அவ்வுரிமை சந்தேகத்துக்கு உள்ளாகிவிட்டதென்றும், ஆயினும் கீழ்த்தர ஜனங்கள் அதனை விடாமல் பற்றியிருக்கிறார்கள் என்றும் எழுதி வைத்தார். கீழ்த்தர ஜனங்கள் மட்டுமா என்பதைப் பின்னே காண்போம். 1782-ல் புல்லர் என்ற நீதிபதி, கட்டைவிரல் பருமனுக்கு மேற்படாத கோலால் மனைவியை அடிக்கலாம் என்று கூறியதாக ஊரெங்கும் பேச்சு எழுந்தது. கில்ரே என்னும் கேலிச் சித்திரக்காரர் அவரைக் 'கட்டைவிரல் நீதிபதி' என்று பெயரிட்டு, கோல்களைக் கட்டுக்கட்டாய் விற்பவர்போல் வரைந்து விட்டார். புல்லர் அவ்வாறு தீர்ப்பளித்ததற்கு ஏட்டில் ஆதாரம் கிடையாது. எனினும் அப்படி ஒரு விதி இருக்கக்கூடும் என்று ஜனங்கள் உடனே நம்பினார்கள் என்பதே அக்காலத்துக்குப் போதுமான சாட்சி.

கோலின் பருமனைக் காட்டிலும் மெய்யாகவே தீங்கு விளைத்தது 1790-ம் வருடத்துத் தீர்ப்பொன்றாகும். எவன்ஸ் என்ற தம்பதிகளின் வழக்கில், பிற்காலத்தில் ஸ்டோவல் பிரபு எனப் புகழ்பெற்ற சர் வில்லியம் ஸ்காட், சட்டத்தின் கண்ணில் கொடுமை எது என்பதற்கு எல்லை வகுத்தார். உயிருக்கோ, அவயவத்துக்கோ, தேக சுகத்துக்கோ ஆபத்து நேர்ந்தாலன்றிக் கொடுமை ஆகாது. முன்கோபம், கடுஞ்சொல், மரியாதையின்மை, மனத்தை மட்டும் புண்படுத்தும் நடத்தை ஆகியவற்றை மனைவி பொறுத்துக்கொள்ள வேண்டியதே என்பது அவ்வெல்லையின் சாரம். இதன் விளைவைக் கவனிக்க. அன்று முதல் வழக்குக்கு வரும் ஸ்திரீ தன் துன்பத்தைச் சொன்னால் போதாது. காயத்தைக் காட்ட வேண்டும். காயம் ஆறியிருந்தாலோ துன்பமும் இல்லையென்று ஆயிற்று. தோட்டங்களில் கணக்கெழுதிப் பழகிய நம்மைப் போன்றவர்க்கு இது புதிதன்று. பெரட்டுக்கு வராதவளின் பெயருக்கு நேரே 'சுகமில்லை' என்று எழுதுவோம். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் 'வழுக்கி விழுந்தாள்' என்று இருக்கும். ஏட்டில் இடம் இல்லாத விஷயம் உலகத்திலும் இல்லை என்று கொள்வது எழுத்தர்களின் வழக்கம். நீதிபதிகளின் வழக்கமும் அதுவே.

இனி, அந்த அளவுகோலுக்கு அகப்பட்ட ஒரு ஸ்திரீயின் சரிதையைச் சற்று விரிவாகவே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். கரோலைன் நார்ட்டன் என்பது அவர் பெயர். நாடகாசிரியர் ஷெரிடனின் பேத்தி. அழகிலும், சொல்வன்மையிலும், கவிதை புனைவதிலும் லண்டன் நகரம் அறிந்தவர். 1827-ல், பத்தொன்பதாம் பிராயத்தில், ஜார்ஜ் நார்ட்டன் என்ற பாரிஸ்டருக்கு வாழ்க்கைப்பட்டார். மாப்பிள்ளை பிரபு குடும்பத்தவர், பார்லிமெண்ட் அங்கத்தினர். விவாகமான சில வாரங்களுக்குள்ளாகவே ஒரு பேச்சுத் தர்க்கத்தில் அவர் மனைவியை உதைத்தார். பின்னொரு நாள் காலையுணவு மேஜையில், கொதிக்கும் தேநீர்க் கெண்டியை எடுத்து அவர் கையின் மேலேயே வைத்தார். 1835-ல் அடிபட்டதன் பின் கரோலைனுக்குக் கர்ப்பம் கலைந்தது. இவற்றையெல்லாம் பல ஆண்டுகள் கழித்து அவரே அச்சில் எழுதியிருக்கிறார். வாசகர்கள் ஒன்றை மறக்கலாகாது. இந்த ஜார்ஜ் நார்ட்டன் 1831 முதல் லண்டன் போலீஸ் மாஜிஸ்ட்ரேட்டாக வீற்றிருந்தவர். ஏழைகளின் சண்டை சச்சரவுகளைப் பகலில் விசாரித்துத் தண்டனை விதித்த கைதான் வீட்டில் அடித்த கையும். பிளாக்ஸ்டன் பண்டிதர் குறித்த கீழ்த்தர ஜனங்கள் எங்கே இருந்தனர் என்பது இப்பொழுது விளங்கும்.

கரோலைன் ஒரு முறை வீட்டை விட்டுப் பிறந்தகம் சென்றார். புருஷன் மன்றாடினார், இனி அடிப்பதில்லை என்று வாக்களித்தார். மூன்று ஆண் குழந்தைகள் அவர் வீட்டில் இருந்தன. கரோலைன் திரும்பினார். இவ்விடத்தில்தான் சட்டத்தின் வஞ்சகம் தெரிகிறது. திரும்பி வந்தவள் மன்னித்தவள் என்பது சட்ட விதி. மன்னித்துவிட்ட கொடுமையை எடுத்துக் காட்டிப் பின்னர் அவள் பிரிவு கேட்க முடியாது. பிள்ளைகளுக்காகத் திரும்பினாளா, பசிக்காகத் திரும்பினாளா, ஊர் வாய்க்கு அஞ்சித் திரும்பினாளா என்று எவரும் கேட்பதில்லை. அடிபட்டவள் வீடு திரும்பினாள் என்பதையே அடி பெரிதன்று என்பதற்கு அத்தாட்சியாக்கினார்கள். நம் பஞ்சாயத்துகளில் 'அப்படியானால் ஏன் திரும்பிப் போனாள்?' என்று கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பும் பெரிய மனிதர்கள், தாம் ஆங்கிலச் சட்டம் பேசுவதை அறியார்.

1836-ம் வருடத்தில் ஜார்ஜ் நார்ட்டன் குழந்தைகளை அப்புறப்படுத்தி, மனைவிக்கு வீட்டுக் கதவையும் அடைத்தார். அதோடு நில்லாமல், அப்போதைய பிரதம மந்திரி மெல்போர்ன் பிரபுவோடு தம் மனைவியைச் சம்பந்தப்படுத்திப் பதினாயிரம் பவுன் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார். அவருக்கு மாஜிஸ்ட்ரேட் உத்தியோகம் வாங்கிக் கொடுத்தவரே அந்த மெல்போர்ன்தான்! விசாரணை ஜூன் மாதம் நடந்தது. சாட்சிகள் சாயம் வெளுத்தனர். ஜூரிகள் ஆசனத்தை விட்டு எழாமலே வழக்கைத் தள்ளினர். மெல்போர்ன் பிரபு மந்திரியாகவே இருந்தார். கரோலைனின் கதி? அவ்வழக்கில் அவர் கட்சிக்காரரும் அல்லர், சாட்சியும் அல்லர். இரண்டு ஆடவரிடையே ஒரு பொருள் குறித்து நடந்த வியாஜ்யம் அது. பொருள் வாய் திறத்தல் முறையன்று. பெயர் கெட்டது மட்டும் அவருக்கு மிச்சம்.

அதன் பிறகு அவர் அனுபவித்தது உடம்பில் தழும்பு பதிக்காத வதையாகும். குழந்தைகள் தகப்பனின் சொத்து. தாய் பார்க்க உரிமையில்லை. ஸ்காட்லாந்தில் உள்ள உறவினரிடம் அவர்கள் அனுப்பப்பட்டனர். எழுதிச் சம்பாதித்த பணமும் சட்டப்படி புருஷனுடையதே. கரோலைன் அழுதுகொண்டு உட்காரவில்லை, பேனாவை எடுத்தார். தாய்மார் நிலைமை பற்றி அவர் எழுதிய பிரசுரங்களின் பயனாகவும், டால்ஃபோர்டு என்ற அங்கத்தினரின் முயற்சியாலும், 1839-ல் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும், மூத்த குழந்தைகளைப் பார்க்கவும் தாய் நியாயஸ்தலத்தில் மனுச்செய்யலாம் என்று முதன்முதலாக ஏற்பட்டது. சட்டம் பிறந்தது, ஆனால் ஸ்காட்லாந்தில் அது செல்லாது, அவர் பிள்ளைகளோ ஸ்காட்லாந்தில். 1842-ல் கடைசிப் பையன் வில்லியம் குதிரையிலிருந்து விழுந்து காயமுற்றான். தாய்க்குச் சேதி அனுப்பினார்கள். அவர் வந்து சேருமுன் பிள்ளை இறந்துவிட்டான்.

அடியின் விளைவை எழும்பு முறிவில் மட்டும் தேடுகிறவர்கள் இந்த ஆறு வருஷங்களை எந்தக் கோலால் அளப்பார்கள் என்று கேட்கிறோம். 1854-லும் 1855-லும் கரோலைன் மறுபடி எழுதினார். விக்டோரியா ராணிக்குப் பகிரங்கக் கடிதமும் விடுத்தார். 1857-ம் வருடத்து விவாகச் சட்டத்தில், கைவிடப்பட்ட மனைவி தன் சம்பாத்தியத்தைக் காத்துக்கொள்ளலாம் என்ற ஷரத்து நுழைந்ததில் அவர் எழுத்துக்குப் பங்குண்டு. அதே சட்டம், மனைவியின் சோரம் ஒன்றே போதும் என்று புருஷனுக்கு விடுதலை அளித்தது. மனைவிக்கோ புருஷனின் சோரத்தோடு கொடுமையும் சேர்ந்தாலன்றி, அல்லது கைவிட்டமை போன்ற வேறொரு குற்றமும் சேர்ந்தாலன்றி, விடுதலை இல்லை என்றது. இந்த ஓரவஞ்சனை 1923 வரையில் நீடித்தது. ஆடவரும் பெண்டிரும் சமம் என்ற கொள்கை தமக்கு இல்லை என்று கரோலைன் வெளிப்படையாகவே எழுதியதைச் சீர்திருத்தக்காரர் சிலர் குறையாகச் சொல்லுவர். நமக்கு அது குறையாகத் தோன்றவில்லை. சமத்துவம் பேசாத ஒரு ஸ்திரீயே அச்சட்டத்தின் கீழ் மூச்சுவிட முடியவில்லை என்றால், சட்டத்தின் லட்சணம் அதனினும் தெளிவாக வேறெப்படி விளங்கும்? ஜார்ஜ் நார்ட்டன் 1875-ல் இறந்த பின்னரே அவருக்கு விடுதலை கிடைத்தது. 1877 மார்ச்சு மாதத்தில் பழைய நண்பர் ஒருவரை மணந்தார். ஜூன் மாதத்தில் காலமானார்.

இதற்கிடையே நியாயஸ்தலத்தில் ஒரு சிறு வெளிச்சம் தோன்றியது. 1869-ல் கெல்லி என்ற பாதிரியாரின் மனைவி பிரிவு கேட்டு வந்தார். அவரைப் புருஷன் கைநீட்டி அடித்ததாக வழக்கு நிற்கவில்லை. வீட்டு நிர்வாகத்தைப் பறித்து, பிறரோடு பழக விடாமல் அடைத்து, ஒவ்வொரு நாளும் பணிந்து நடக்கும்படி நெருக்கி, கடைசியில் தேக சுகத்தையே குலைத்துவிட்டார் என்பதே முறையீடு. தாம் வேத விதிப்படி புருஷனுக்குரிய அதிகாரத்தைச் செலுத்தியதாகவே பாதிரியார் நினைத்தார். பென்சன்ஸ் பிரபு என்னும் நீதிபதி அதற்கு இணங்கவில்லை. சரீர பலத்தாலாயினும் மன நெருக்கத்தாலாயினும், இடைவிடாமல் அடக்கி ஒருத்தியின் ஆரோக்கியத்தை உடைப்பது கொடுமையே என்று தீர்ப்பளித்தார். மறு வருடம் மேல் விசாரணையிலும் அது நிலைத்தது. ஆயினும் கோலை அவர் எறிந்துவிடவில்லை. சற்று நீட்டினார், அவ்வளவே. மனம் உடைந்ததற்குச் சாட்சியாக உடம்பு உடைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே நின்றது. 1897-ல் ரஸ்ஸல் பிரபுவின் குடும்ப வழக்கில் பிரபுக்கள் சபையும் அந்நிபந்தனையையே மறுபடி உறுதிப்படுத்திற்று.

பிரான்சஸ் பவர் காப் என்னும் ஐரிஷ் மாது 1878-ல் 'மனைவி வதை' பற்றி எழுதிய கட்டுரை பெரும் கிளர்ச்சியை உண்டாக்கியது. 'மனைவியை அடித்தல்' என்ற சொல் காதுக்கு மிகவும் இலேசாக இருக்கிறது, ஆதலால் 'வதை' என்றே சொல்ல வேண்டும் என்று அவர் பிடிவாதம் செய்தார். பொம்மலாட்டத்தில் பஞ்சு தன் மனைவி ஜூடியைத் தடியால் மொத்த, அதைக் கண்டு சிரித்துப் பழகிய குழந்தைகள் வளர்ந்து ஜூரிகளாக உட்காருகிறார்கள் என்பதை அவர் நன்றாய் அறிந்திருந்தார். 1853-ம் வருடத்துச் சட்டம் அடித்தவனுக்கு ஆறு மாதம் வரையில் சிறைவாசம் கொடுத்தது. அதனால் என்ன? சம்பாதிக்கிறவன் சிறைக்குப் போனால் பட்டினி கிடப்பவள் மனைவி. வெளியே வந்தவுடன் பழி வாங்கப்படுகிறவளும் அவளே. அதனால் சாட்சிக் கூண்டில் ஏறியதும் அவள் பேச்சை மாற்றிவிடுகிறாள். தண்டனையைக் கூட்டுவதைவிட, அவளுக்குத் தனியே வாழ வழியும் ஜீவனாம்சமும் கொடுப்பதே காரியம் என்பது காப் அம்மையின் வாதம். நூற்றைம்பது ஆண்டுக்குச் சமீபமாகியும் இதனினும் புத்திசாலித்தனமான வாதத்தை நாம் கேட்டதில்லை. அதே வருடத்தில் புதிய ஷரத்தொன்றைப் பிரபுக்கள் சபையில் கொண்டுவந்தவர் கெல்லி வழக்கை விசாரித்த அதே பென்சன்ஸ் பிரபு. கொடிய தாக்குதலுக்காகப் புருஷன் தண்டனை பெற்று, இனியும் ஆபத்துண்டு என்று தோன்றினால், மனைவி பிரிந்து வாழவும், ஜீவனாம்சம் பெறவும், பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை வைத்துக்கொள்ளவும் மாஜிஸ்ட்ரேட் உத்தரவிடலாம் என்று சட்டமாயிற்று.

பிற்கால விஞ்ஞானம் இவ்வம்மையார்கள் சொன்னதை வேறு பாஷையில் சொல்லிற்று. 1979-ல் லெனோர் வாக்கர் என்னும் அமெரிக்க மனத்தத்துவ நிபுணி, அடிக்கிற வீட்டில் ஒரு சக்கரம் சுழல்வதை எடுத்துக் காட்டினார்: முதலில் இறுக்கம், பிறகு அடி, அதன் பின் வருத்தமும் கொஞ்சலும். நம் பழமொழியின் 'அணைக்கும் கை' இச்சக்கரத்தின் மூன்றாம் பாகமேயன்றி வேறில்லை. தொடர்ந்து அடிபட்டவள் தப்பும் வழி தேடும் சக்தியையே இழந்துவிடுகிறாள் என்றும் அவர் கூறினார். இக்கடைசிப் பகுதியைப் பின்வந்தோர் மறுத்தனர். அடிபட்ட பெண்கள் உதவியை நாடிக்கொண்டேதான் இருக்கிறார்கள், கேட்கிற இடங்கள்தான் கைவிரிக்கின்றன என்று 1988-ல் கொண்டால்ஃப், ஃபிஷர் என்பவர்கள் நிலைநாட்டினர். நார்ட்டன் அம்மையின் சரிதையைப் படித்த நாம் இரண்டாம் கட்சியின் பக்கமே சாய்கிறோம். உலக சுகாதார ஸ்தாபனம் 2013-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, துணைவரின் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு மற்றவரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. எடை குறைந்த குழந்தை பெறும் வாய்ப்பு நூற்றுக்கு 16 பங்கு அதிகம். அடிபட்டவர்களில் நூற்றுக்கு 42 பேர் காயமுற்றவர்கள். இதைத் திருப்பிப் படித்தால், பாதிக்கு மேற்பட்டோரிடம் நீதிபதி ஸ்காட்டுக்குக் காட்டக் காயமே இல்லை. கழுத்தை நெரிப்பது மிகப் பெரும்பாலும் வெளியே தடம் காட்டுவதில்லை. ஆனால் ஒரு முறை நெரிக்கப்பட்டவள் பின்னர் அக்கையாலேயே கொலையுண்ணும் அபாயம் ஏழு மடங்குக்கும் மேல் என்பது 2008-ம் வருடத்து அமெரிக்க ஆராய்ச்சியின் முடிவு.

நீடித்த கொடுமை சில சமயம் வேறு வழியில் வெடிக்கிறது. கிரண்ஜித் அலுவாலியா என்ற பஞ்சாபி மாது 1979-ல் மணம் புரிந்து இங்கிலாந்து சென்றார். பத்தாண்டு வதைக்குப் பின், 1989-ம் வருடத்தில் ஓர் இரவு, தூங்கிக்கொண்டிருந்த புருஷன்மீது நெருப்பு வைத்தார். அவர் சில தினங்களில் இறந்தார். கொலைக் குற்றம் என்று ஆயுள் தண்டனை விதித்தனர். 'திடீரென்று' தன்னிலை இழந்தால்தான் ஆத்திரமூட்டல் என்ற வாதம் செல்லும் என்பது 1949 முதல் அங்கே விதியாயிருந்தது. அடித்த கணவனைக் கொன்ற மற்றொரு ஸ்திரீயின் வழக்கில் ஏற்பட்ட விதி அது. திடீர்க் கோபம் கைவலிமை உள்ளவனுக்கு உரியது. வலிமை இல்லாதவள் அவன் தூங்கும் வரை காத்திருக்கிறாள். காத்திருந்ததே அவள் குற்றத்தைப் பெரிதாக்குகிறது! சவுத்தால் கறுப்புச் சகோதரிகள் என்னும் சங்கத்தார் போராடியதன் பேரில், அவருக்கிருந்த மனச்சோர்வு நோயை முதல் விசாரணை கவனிக்கவில்லை என்று 1992-ல் தீர்ப்பு ரத்தாகி, அவர் விடுதலையானார். நம் நியாயஸ்தலங்கள் இதனை அறியாதவையல்ல. அதே 1989-ல், கணவனின் கொடுமை தாளாது பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்து தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் நல்லதங்காள் கதையை எடுத்துக் காட்டி, திடீரென வருவதோடு நாட்பட்டு மூளும் ஆத்திரமூட்டலும் உண்டு என்று ஒப்புக்கொண்டது. நல்லதங்காளுக்காகத் தெருக்கூத்தில் விடிய விடிய அழுத நம்மவர், அடுத்த வீட்டு நல்லதங்காளை 'அனுசரித்துப் போ' என்று சொல்லியனுப்பினதுதான் விந்தை.

மலாயாத் தமிழர் இவற்றைப் பேசத் தொடங்கியது 1929-க்குப் பின் என்று சொல்லலாம். அவ்வருடம் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமையும் விவாக விடுதலை உரிமையும் வேண்டுமென்று தீர்மானித்தது. வருடக் கடைசியில் பெரியார் இந்நாட்டுக்கு வந்தார். ஆனால் தீர்மானம் வேறு, சட்டம் வேறு. சிங்கப்பூரில் மாதர் சாசனம் 1961-ல் வந்தது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாரின் விவாகச் சட்டம் 1976-ல் நிறைவேறி 1982-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஒருவன் இரண்டாம் தாரத்தைக் கொண்டுவந்து முதல் தாரத்தின் அடுப்பங்கரையில் அமர்த்தலாம். அதே 1982-ல், அடிபட்ட பெண்களுக்கு முதல் புகலிடத்தை மாதர் உதவி இயக்கத்தினர் திறந்தனர். அவர்களும் பிற சங்கத்தினரும் பல்லாண்டு வாதாடிப் பெற்ற குடும்ப வன்முறைச் சட்டம் 1994-ல் நிறைவேறி, 1996-ல் அமலுக்கு வந்தது. அச்சட்டத்தில் மனவேதனைக்கு வெளிப்படையான இடம் கிடைத்தது 2012-ம் வருடத்துத் திருத்தத்தில். எவன்ஸ் தம்பதிகளின் தீர்ப்பிலிருந்து எண்ணினால் 222 ஆண்டுகள். இங்கிலாந்தேகூட, அடிக்காமலே அடக்கியாளும் புருஷனைக் குற்றவாளி என்று 2015-ல்தான் ஏட்டில் எழுதிற்று.

2017-ம் வருடத்துத் திருத்தத்தின்படி மலேசியாவில் சமூகநல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கலாம்; அதற்கு முதலில் நியாயஸ்தலம் ஏற வேண்டியதில்லை. அவ்வுத்தரவு ஏழு நாட்கள் செல்லும். அதற்குள் அவள் எங்கே தங்குவது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்னாவது, அடுத்த மாதச் சம்பளம் யார் கைக்குப் போவது என்பவற்றுக்கு விடை தேடிக்கொள்ள வேண்டும்.